கதர் கட்சியும் பஞ்சாபின் புரட்சியாளர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கதர் கட்சி என்பது என்ன? அது எப்போது, எங்கே தொடங்கப்பட்டது?

ஆங்கிலேய ஆட்சியை ஆயுதம் ஏந்தி அகற்றுவதற்காக, வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் கூலி வேலை செய்துவந்த பஞ்சாபியர்கள் 1913ஆம் ஆண்டில் உருவாக்கிய அமைப்பே பின்னாளில் கதர் கட்சி என்று அறியப்பட்டது. ஆரிகன் மாநிலத்து மர அறுவை ஆலைகளில் வேலை பார்த்தவர்கள் கூடி இதை அமைத்தார்கள். சோகன் சிங் பக்னா தலைவராகவும், லாலா ஹர் தயாள் பொதுச் செயலாளராகவும், பண்டிட் காசி ராம் பொருளாளராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டனர். ஹர் தயாள் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் சில காலம் விரிவுரை ஆற்றியவர். பக்னாவோ மர ஆலைத் தொழிலாளி. 1913 நவம்பர் 1 அன்று சான் பிரான்சிஸ்கோவிலிருந்து உருது மொழியில் வெளிவரத் தொடங்கிய ‘கதர்’ இதழின் பெயரே கட்சிக்கும் நிலைத்துவிட்டது. உருதுவில் கதர் என்றால் கிளர்ச்சி என்று பொருள். காந்தியடிகளின் கதர்த் துணிக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

பஞ்சாபின் விவசாயிகள் கடல் கடந்து அவ்வளவு தூரம் ஏன் போனார்கள்?

கடனும் நிலத் துண்டாடலும் வறட்சியும் கொள்ளை நோயும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மத்திய பஞ்சாபின் சிறு விவசாயிகளை நெருக்கின. ஒரு மகன் நிலத்தைப் பார்த்துக்கொள்ள, இன்னொரு மகன் படையில் சேர்வது அங்கே வழக்கமாகிவிட்டது. ஹாங்காங், ஷாங்காய், சிங்கப்பூர் ஆகிய இடங்களில் படைவீரர்களாகவும் காவலர்களாகவும் வாயிற்காவலர்களாகவும் இருந்தவர்கள், கனடாவில் ஒரு நாள் கூலி எவ்வளவு என்பதைக் கேள்விப்பட்டு அங்கிருந்தே கப்பலேறினார்கள். 1908 வரையிலான சில ஆண்டுகளில் சுமார் ஐயாயிரம் இந்தியர்கள் கனடாவுக்குப் போயிருந்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் சீக்கியர்கள், அவர்களிலும் கணிசமானோர் முன்னாள் படைவீரர்கள்.

அரசுக்கு விசுவாசமாக இருந்த முன்னாள் படைவீரர்கள் அதே அரசுக்கு எதிராகத் திரும்பியது எப்படி?

இந்த இயக்கத்தைப் புரிந்துகொள்ள உதவும் முதன்மையான கேள்வி இதுதான். பிரிட்டிஷ் பேரரசின் குடிமக்கள் என்ற முறையில் பேரரசின் எந்த மூலைக்கும் போகலாம் என்று இவர்கள் உண்மையாகவே நம்பினார்கள். அந்த நம்பிக்கையை உடைத்தது எந்தத் தலைவரின் சொற்பொழிவும் அல்ல, அன்றாட அனுபவம்தான். 1907இல் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் இந்தியர்களின் வாக்குரிமையைப் பறித்தது. அதே ஆண்டு செப்டம்பர் 4 அன்று, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்திலுள்ள பெல்லிங்ஹாம் நகரில் நூற்றுக்கணக்கான வெள்ளையர்கள் இந்தியத் தொழிலாளர்களின் குடியிருப்புகளுக்குள் புகுந்து, அடித்து, ஊரைவிட்டே துரத்தினார்கள். 1908இல் கனடா, சொந்த நாட்டிலிருந்து இடைநிற்காத நேரடிப் பயணமாக வருபவர்களை மட்டுமே அனுமதிக்க இயலும் என்று விதி செய்தது. இந்தியாவிலிருந்து கனடாவுக்கு அத்தகைய நேரடிப் பயணத்துக்கு வழியே இல்லாததால், இந்தியர் என்ற சொல்லையே குறிப்பிடாமல் இந்தியர்களைத் தடுக்க அந்த விதி போதுமானதாக இருந்தது. வருபவர் கையில் 200 டாலர் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் சேர்ந்துகொண்டது.

தங்களைப் போலவே அங்கே தாக்கப்பட்ட ஜப்பானியர்களுக்காக ஜப்பானிய அரசு குரல் கொடுத்ததை இவர்கள் கண்ணெதிரே பார்த்தார்கள். தங்களுக்காகப் பேச ஓர் அரசு இல்லை என்பதும், இருக்கின்ற அரசு தங்களைத் தடுப்பவர்களின் பக்கம் நிற்கிறது என்பதும் அவர்களுக்கு அப்போதுதான் விளங்கியது. படைப் பதக்கங்களைத் தீயிலிட்டு எரித்த முன்னாள் வீரர்களும் இவர்களிடையே இருந்தார்கள்.

‘கதர்’ இதழ் எதை எழுதியது? அது யாருக்குச் சென்றது?

இந்தியாவிலிருந்து ஆண்டுதோறும் எவ்வளவு செல்வம் வெளியேறுகிறது, ஒரு நபருக்குக் கிடைக்கும் சராசரி வருமானம் என்ன, படைக்கு எவ்வளவு செலவாகிறது, கல்விக்கு எவ்வளவு செலவாகிறது என்ற கணக்குகள் இதழில் தொடர்ந்து இடம்பெற்றன. ‘ஆங்கிலேய ஆட்சியின் எதிரி’ என்பது முகப்பிலேயே அச்சிடப்பட்டது. வீரர்கள் தேவை, ஊதியம் மரணம், பரிசு தியாகிப் பட்டம், ஓய்வூதியம் விடுதலை, போர்க்களம் இந்தியா என்ற பொருளில் அதில் வந்த விளம்பரம் பின்னர் மிகவும் புகழ்பெற்றது. உருதுவை அடுத்து 1913 டிசம்பரிலேயே குர்முகி எழுத்தில் பஞ்சாபிப் பதிப்பு வந்தது. படிக்கத் தெரிந்த ஒருவர் உரக்கப் படிக்க, ஆலைக் குடியிருப்பில் மற்றவர்கள் சுற்றி அமர்ந்து கேட்பார்கள். மணிலா, ஹாங்காங், ஷாங்காய், சிங்கப்பூர், பாங்காக், ரங்கூன் என்று பஞ்சாபிக் காவலர்களும் சிப்பாய்களும் இருந்த துறைமுகங்களுக்கெல்லாம் இதழ் அஞ்சலில் போனது. அதில் வந்த பாடல்கள் தனித் தொகுப்பாகவும் அச்சிடப்பட்டன. கட்டுரைகளைவிட அந்தப் பாடல்களே அதிகம் பரவின என்று கருத இடமுண்டு.

கோமகாட்டா மாரு கப்பலில் என்ன நடந்தது?

குர்தித் சிங் என்ற ஒப்பந்தக்காரர் கனடாவின் நேரடிப் பயண விதியைச் சோதித்துப் பார்ப்பதற்காக வாடகைக்கு எடுத்த ஜப்பானிய நீராவிக் கப்பல் அது. 1914 ஏப்ரல் 4 அன்று ஹாங்காங்கிலிருந்து புறப்பட்டு, ஷாங்காயிலும் ஜப்பானியத் துறைமுகங்களிலும் மேலும் ஆட்களை ஏற்றிக்கொண்டு, மே 23 அன்று வான்கூவர் துறைமுகத்தை அடைந்தது. பயணிகள் 376 பேர். அவர்களில் 340 பேர் சீக்கியர்கள், 24 பேர் முஸ்லிம்கள், 12 பேர் இந்துக்கள். ஏற்கெனவே கனடாவில் குடியிருந்து திரும்பி வந்த சுமார் இருபது பேரைத் தவிர வேறெவரும் கரையிறங்க அனுமதிக்கப்படவில்லை.

இரண்டு மாதங்கள் அந்தக் கப்பல் கரையைப் பார்த்தபடியே நின்றது. உணவும் குடிநீரும் குறைந்தன. வான்கூவரில் இருந்த இந்தியர்கள் குருத்வாராவில் (சீக்கியர் வழிபாட்டு இடம்) கூடிப் பணம் திரட்டிக் கப்பல் வாடகையின் பாக்கியைக் கட்டினார்கள். முன்ஷி சிங் என்ற ஒரு பயணியின் பெயரில் வழக்குத் தொடுத்தார்கள். ஜூலை 6 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஜூலை 19 அன்று இழுவைப் படகில் வந்து கப்பலில் ஏற முயன்ற காவலர்களைப் பயணிகள் நிலக்கரித் துண்டுகளை எறிந்து விரட்டினார்கள். அதன் பின் கனடா தன் போர்க்கப்பலான ரெயின்போவைக் கொண்டுவந்து நிறுத்தியது. ஜூலை 23 அன்று கோமகாட்டா மாரு திரும்பிப் போனது.

துயரம் அத்தோடு முடியவில்லை. செப்டம்பர் 29 அன்று கொல்கத்தாவுக்கு அருகிலுள்ள பஜ்பஜ் துறையில் இறக்கப்பட்ட பயணிகளை அரசு தனி ரயிலில் ஏற்றிப் பஞ்சாபுக்கு அனுப்ப முயன்றது. அவர்கள் மறுத்துக் கொல்கத்தா நோக்கி நடந்தார்கள். அதைத் தொடர்ந்து நடந்த துப்பாக்கிச் சூட்டில் சுமார் இருபது பயணிகள் உயிரிழந்தனர். குர்தித் சிங் தப்பி, 1921 வரை தலைமறைவாக வாழ்ந்து, காந்தியடிகளின் அறிவுரைப்படி தாமே சரணடைந்து, ஐந்து ஆண்டுகள் சிறையிருந்தார். கனடாவின் பிரதமர் நாடாளுமன்றத்தில் முறைப்படி மன்னிப்புக் கேட்டது 2016 மே 18 அன்றுதான்.

மேவா சிங் யார்? கனடாவில் ஒரு பிரிவினர் அவரைத் தியாகியாகக் கருதுவது ஏன்?

வான்கூவரின் குடியேற்ற அதிகாரி வில்லியம் ஹாப்கின்சன் இந்தியாவில் வளர்ந்தவர், இந்தி அறிந்தவர். இந்தியக் குடியேறிகளிடையே உளவாளிகளை வைத்து வேவு பார்த்தவர். அவருக்குத் தகவல் தந்துவந்த பேலா சிங் என்பவர் 1914 செப்டம்பரில் குருத்வாராவுக்குள்ளேயே துப்பாக்கியால் சுட்டதில் பாய் பாக் சிங் உள்ளிட்ட இருவர் இறந்தனர். பேலா சிங்குக்கு ஆதரவாகச் சாட்சி சொல்வதற்காக அக்டோபர் 21 அன்று நீதிமன்றத்துக்கு வந்த ஹாப்கின்சனை மேவா சிங் அங்கேயே சுட்டுக் கொன்றார். குற்றத்தை மறுக்காமல் ஏற்றுக்கொண்ட அவர் 1915 ஜனவரி 11 அன்று தூக்கிலிடப்பட்டார். அரசு அலுவலர் ஒருவரைத் திட்டமிட்டுக் கொன்றவர் என்பதும், வழிபாட்டு இடத்தில் சிந்திய இரத்தத்துக்குச் சட்டத்தின் வழியே நீதி கிடைக்காது என்று அந்தச் சமூகம் எண்ணியிருந்த சூழலில் அதைச் செய்தவர் என்பதும் சேர்ந்தே சொல்லப்பட வேண்டியவை.

1915 பிப்ரவரி எழுச்சி ஏன் தோல்வியடைந்தது?

முதல் உலகப் போர் தொடங்கியதும், ஆங்கிலேயப் படைகள் ஐரோப்பாவில் சிக்கியிருக்கும் இந்தச் சமயத்தை விடக்கூடாது என்று கட்சி முடிவு செய்தது. 1914 ஆகஸ்ட் முதல் ஆயிரக்கணக்கானோர் கப்பல் கப்பலாகத் தாயகம் திரும்பினார்கள். ஆனால் தாங்கள் திரும்பிப் போகிறோம், ஆயுதம் ஏந்தப் போகிறோம் என்பதை அவர்கள் பொதுக்கூட்டங்களில் பேசினார்கள்; இதழிலும் அச்சிட்டார்கள். அரசு அந்த இதழைப் படித்துக்கொண்டுதான் இருந்தது. செப்டம்பரிலேயே நாட்டுக்குள் நுழைவோரைத் தடுத்துவைக்கும் அவசரச் சட்டம் வந்துவிட்டது. பக்னாவே கொல்கத்தாவில் இறங்கியவுடன் கைதானார்.

எஞ்சியவர்கள் பஞ்சாபுக்குள் வந்து பார்த்தபோது, அங்கே கிளர்ச்சிக்குத் தயாரான மக்கள் இல்லை. கிராமங்கள் போருக்கு ஆள் அனுப்பிக்கொண்டிருந்தன. பணத்துக்காகச் சிலர் செல்வந்தர் வீடுகளில் கொள்ளையடித்தது கிராமத்தாரை மேலும் விலக்கியது. இது இயக்கத்தினர் செய்த தவறுகளிலேயே மோசமானது என்று சொல்லலாம். வங்கப் புரட்சியாளர் ராஷ் பிஹாரி போஸ் வந்து தலைமை ஏற்ற பிறகுதான் ஓர் ஒழுங்கு ஏற்பட்டது. லாகூர், பெரோஸ்பூர், மீரட் முதலிய படை முகாம்களில் ஆள் சேர்த்து, 1915 பிப்ரவரி 21 அன்று ஒரே நேரத்தில் எழுவது என்று நாள் குறித்தார்கள். கிர்பால் சிங் என்ற காவல்துறை உளவாளி உள்ளே நுழைந்திருந்தது தெரிந்ததும் எழுச்சிக்கான நாளைப் பிப்ரவரி 19க்கு மாற்றினார்கள். அந்த மாற்றத்தையும் அவர் அரசுக்குத் தெரிவித்துவிட்டார். முகாம்களில் இந்தியச் சிப்பாய்களின் ஆயுதங்கள் பறிக்கப்பட்டன. எழுச்சி தொடங்கும் முன்பே முடிந்தது.

இந்த இயக்கத்தின் வலிமையும் பலவீனமும் ஒன்றே என்பது இதை எழுதுபவரின் கருத்து. இரகசியச் சங்கங்கள் சிலரை மட்டுமே சேர்த்துக்கொண்டு மறைவாக இயங்கிய காலத்தில், இவர்கள் யாரையும் சேர்த்துக்கொண்டு எல்லாவற்றையும் வெளிப்படையாகப் பேசினார்கள். படிப்பறிவு குறைந்த கூலித் தொழிலாளர்கள் ஓராண்டுக்குள் அவ்வளவு பெரிய அமைப்பாகத் திரண்டதற்குக் காரணம் அந்த வெளிப்படைத்தன்மை. உளவாளி எளிதாக உள்ளே நுழைந்ததற்கும் அதுவே காரணம்.

கர்த்தார் சிங் சராபாவைப் பற்றிச் சொல்லுங்கள்.

லூதியானா மாவட்டம் சராபா கிராமத்தில் 1896 மே 24 அன்று பிறந்தவர். படிப்பதற்காக 1912இல் அமெரிக்கா போனவர், ‘கதர்’ இதழின் பஞ்சாபிப் பதிப்பை உருவாக்குவதிலும் அச்சுப்பொறியை இயக்குவதிலும் முன்னின்றார். 1914இன் இறுதியில் திரும்பி வந்து, மிதிவண்டியில் கிராமம் கிராமமாகச் சுற்றி, படை முகாம்களுக்குள்ளும் போய் ஆள் திரட்டினார். பிப்ரவரி 19 தோல்விக்குப் பிறகு இரண்டு தோழர்களுடன் வடமேற்கு எல்லை வரை தப்பிப் போனவர், ஓடிப்போவதில் மனம் ஒப்பாமல் திரும்பி வந்து, சர்கோதா பகுதியில் சிப்பாய்களிடையே மீண்டும் ஆள் சேர்க்க முயன்றபோது மார்ச் 2 அன்று பிடிபட்டார்.

மேல்முறையீட்டுக்கு இடமில்லாத சிறப்புத் தீர்ப்பாயம் முதல் லாகூர் சதி வழக்கில் 24 பேருக்கு மரண தண்டனை விதித்தது. வைஸ்ராய் ஹார்டிஞ்ச் 17 பேரின் தண்டனையை ஆயுள் தண்டனையாகக் குறைத்தார். சராபாவும் மராட்டியரான விஷ்ணு கணேஷ் பிங்களேயும் உள்ளிட்ட ஏழு பேர் 1915 நவம்பர் 16 அன்று லாகூர் மத்தியச் சிறையில் தூக்கிலிடப்பட்டனர். சராபாவுக்கு அப்போது வயது 19.

இந்த இயக்கத்தில் பெண்கள் இருந்தார்களா?

மிகக் குறைவு. புலம்பெயர்ந்த தொழிலாளர்களில் ஏறக்குறைய எல்லாருமே ஆண்கள். விதிவிலக்காக, மணிலாவில் இயக்கத்தில் சேர்ந்த குலாப் கவுர் கப்பலேறி இந்தியா வந்து, அச்சகப் பணியிலும் ஆயுதங்களைக் கொண்டுசேர்ப்பதிலும் ஈடுபட்டு, லாகூரில் சிறையிருந்தார்.

ஜெர்மனிக்கும் கதர் கட்சிக்கும் என்ன தொடர்பு? இதில் தமிழர்கள் எவரேனும் இருந்தார்களா?

1914 மார்ச்சில் அமெரிக்காவில் கைதாகிப் பிணையில் வந்த ஹர் தயாள், சுவிட்சர்லாந்துக்குத் தப்பி, பின்னர் பெர்லின் சென்றார். அங்கே ஜெர்மானிய வெளியுறவுத் துறையின் துணையோடு இயங்கிய இந்தியக் குழுவில் வீரேந்திரநாத் சட்டோபாத்யாயாவுடன், திருவனந்தபுரத்தில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த செண்பகராமன் பிள்ளையும், சென்னையைச் சேர்ந்த எம்.பி.டி. ஆச்சாரியாவும் இருந்தார்கள். 1915 டிசம்பர் 1 அன்று காபூலில் அறிவிக்கப்பட்ட தற்காலிக இந்திய அரசில் ராஜா மகேந்திர பிரதாப் குடியரசுத் தலைவர், கதர் கட்சியின் மௌல்வி பர்கத்துல்லா பிரதமர், செண்பகராமன் வெளியுறவு அமைச்சர்.

ஜெர்மானியப் பணத்தில் வாங்கப்பட்ட ஆயுதங்கள் இந்தியாவை வந்தடையவே இல்லை. அமெரிக்கா போரில் இறங்கிய பிறகு, சான் பிரான்சிஸ்கோவில் 1917 நவம்பரில் தொடங்கிய வழக்கு 1918 ஏப்ரல் வரை நடந்தது. அதன் இறுதி நாளில் குற்றம் சாட்டப்பட்டவர்களில் ஒருவரான ராம் சிங், கட்சியை அப்போது நடத்திவந்த ராம் சந்திராவை நீதிமன்றத்துக்குள்ளேயே சுட்டுக் கொன்றார். நீதிமன்றக் காவலர் ராம் சிங்கைச் சுட்டுக் கொன்றார். பணத்தைப் பற்றிய ஐயமும் உட்பூசலும் கட்சியை எந்த அளவுக்கு அரித்திருந்தன என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. ஹர் தயாளோ, போர் முடிந்ததும் தம் கருத்தை முற்றிலும் மாற்றிக்கொண்டு பிரிட்டிஷ் பேரரசை ஆதரித்து எழுதினார்.

சிங்கப்பூரில் 1915இல் நடந்த சிப்பாய்க் கிளர்ச்சி கதர் கட்சியின் வேலையா?

ஓரளவுக்கு மட்டுமே. 1915 பிப்ரவரி 15 அன்று கிளர்ந்த 5ஆம் இலகு காலாட்படையின் சிப்பாய்கள் முஸ்லிம்கள். கதர் பரப்புரை அவர்களை எட்டியிருந்தது உண்மை. ஆனால் துருக்கிக்கு எதிராகப் போரிட அனுப்பப்படுவோமோ என்ற அச்சமும், அதிகாரிகள் மீதிருந்த வெறுப்பும் அதே அளவு முக்கியமானவை. அடக்கப்பட்ட பின் 47 பேர் சிறைச் சுவரோரம் பொதுமக்கள் முன்னிலையில் சுட்டுக் கொல்லப்பட்டனர்.

அப்படியானால் இது சீக்கியர்களின் இயக்கமா, இந்திய இயக்கமா?

உறுப்பினர்களில் பெரும்பாலோர் சீக்கியர்கள். கூடிய இடங்கள் பெரும்பாலும் குருத்வாராக்கள், குறிப்பாகக் கலிபோர்னியாவின் ஸ்டாக்டன் குருத்வாரா. ஆனால் கட்சியின் குறிக்கோள் இந்தியா முழுமைக்கும் குடியரசு. மதம் தனிப்பட்ட விஷயம், கட்சிக் கூட்டங்களில் அதைப் பற்றிய விவாதம் கூடாது என்பது அவர்கள் வகுத்த விதி. அமிர்தசரஸ் பொற்கோயிலின் அரசு நியமன மேலாளராக இருந்த அரூர் சிங்கும், செல்வாக்குள்ள சீக்கியப் பெருமக்களும் இவர்களைக் கண்டித்ததோடு, இவர்கள் சீக்கியர்களே அல்லர் என்றும் அறிவித்தார்கள் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். அந்த அவமதிப்பு 1920களின் குருத்வாரா சீர்திருத்தப் போராட்டத்துக்கு ஒரு தூண்டுதலாக அமைந்தது.

உத்தம் சிங் ஜெனரல் டயரைத்தானே கொன்றார்?

இல்லை. பலரும் செய்யும் குழப்பம் இது. 1919 ஏப்ரல் 13 அன்று அமிர்தசரசின் ஜாலியன்வாலா பாகில் சுடுவதற்கு உத்தரவிட்ட ரெஜினால்டு டயர் 1927இல் நோயுற்று இறந்தார். 1940 மார்ச் 13 அன்று லண்டன் காக்ஸ்டன் மண்டபத்தில் உத்தம் சிங் சுட்டுக் கொன்றது, அப்படுகொலையின்போது பஞ்சாபின் லெப்டினன்ட் கவர்னராக இருந்து டயரின் செயலை ஆதரித்த மைக்கேல் ஓ’ட்வயரை.

இதற்குள் கதர் வரலாறும் அடங்கியிருக்கிறது. 1913 முதல் 1919 வரை பஞ்சாபை ஆண்ட ஓ’ட்வயர்தான் கதர் இயக்கத்தை ஒடுக்கியவர். இத்தகைய புரட்சிச் சதிகளை ஆராய அமைந்த ரௌலட் குழுவின் பரிந்துரையால் ரௌலட் சட்டம் வந்தது. அச்சட்டத்தை எதிர்த்த கிளர்ச்சியின்போதே அமிர்தசரஸ் படுகொலை நிகழ்ந்தது. அமிர்தசரஸ் அனாதை இல்லத்தில் வளர்ந்த உத்தம் சிங், 1920களில் அமெரிக்காவில் கதர் கட்சியினரோடு பழகியவர். 1927இல் துப்பாக்கிகளுடனும் தடைசெய்யப்பட்ட கதர் வெளியீடுகளுடனும் அமிர்தசரசில் பிடிபட்டுச் சிறை சென்றவர். படுகொலை நாளன்று அவர் பாகில் தண்ணீர் வழங்கிக்கொண்டிருந்தார் என்ற கதைக்கு உறுதியான ஆதாரம் இல்லை. காவலில் அவர் தம் பெயரை ராம் முகமது சிங் ஆசாத் என்று கூறினார். 1940 ஜூலை 31 அன்று பென்டன்வில் சிறையில் தூக்கிலிடப்பட்டார். அவரது எச்சங்கள் 1974இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டன.

பகத்சிங்குக்கும் கதர் இயக்கத்துக்கும் என்ன உறவு?

சராபாவைப் பகத்சிங் தம் முன்னோடியாகக் கருதினார். அவருடைய படத்தைத் தம்மோடு வைத்திருந்தார். சிறிய தந்தை அஜித் சிங் 1907இன் பஞ்சாப் விவசாயிகள் கிளர்ச்சியை நடத்தி, நாடு கடத்தப்பட்டு, பல்லாண்டுகள் வெளிநாட்டில் வாழ்ந்தவர். கதர் கட்சியைச் சேர்ந்த சந்தோக் சிங் 1926இல் அமிர்தசரசில் தொடங்கிய ‘கிர்த்தி’ இதழில் பகத்சிங் எழுதினார். முன்னவர்கள் வரலாற்றிலிருந்து அவர் எடுத்துக்கொண்ட பாடம், மக்களைத் தயார் செய்யாத ஆயுதப் புரட்சி நிற்காது என்பது. சிறையில் எழுதியவற்றில் அது தெளிவாகத் தெரிகிறது.

அவர் தூக்கிலிடப்பட்ட 1931 மார்ச் 23க்கு ஆறு நாட்களுக்குப் பிறகு, ‘குடி அரசு’ இதழில் பெரியார் அவரைப் பாராட்டித் தலையங்கம் எழுதினார். நாத்திகம் குறித்த பகத்சிங்கின் கட்டுரையை ப. ஜீவானந்தம் தமிழாக்கினார், அதை வெளியிட்டதற்காக ஜீவாவும் பெரியாரின் அண்ணன் ஈ.வெ. கிருஷ்ணசாமியும் கைது செய்யப்பட்டார்கள்.

பப்பர் அகாலிகளும் பிற்காலக் காலிஸ்தான் அமைப்புகளும் இவர்களின் தொடர்ச்சியா?

பப்பர் அகாலிகளைத் தொடர்ச்சி என்று சொல்லலாம். 1921 நன்கானா படுகொலைக்குப் பின், முன்னாள் ஹவில்தார் கிஷன் சிங் கர்கஜ் தலைமையில், குருத்வாரா சீர்திருத்தத்துக்குப் போராடிய அகாலிகளின் அறவழியை ஏற்காமல் பிரிந்த இக்குழுவில் கனடாவிலிருந்து திரும்பியவர்களும் இருந்தார்கள். அரசுக்குத் தகவல் தருபவர்களைக் கொன்று, அதை வெளிப்படையாக அறிவித்தார்கள். 1926 பிப்ரவரி 27 அன்று ஆறு பேர் தூக்கிலிடப்பட்டார்கள்; அதைப் பற்றிப் பகத்சிங் உருக்கமாக எழுதினார்.

காலிஸ்தான் அமைப்புகளின் நிலை வேறு. 1970களின் இறுதியில் தோன்றிய பப்பர் கால்சா பழைய பெயரை எடுத்துக்கொண்டது. ஆனால் அதன் குறிக்கோள் தனி சீக்கிய நாடு. 1985 ஜூன் 23 அன்று ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானத்தில் 329 பேரைக் கொன்ற குண்டுவெடிப்பில் அதன் தலைவர் தல்விந்தர் சிங் பர்மாருக்கு முதன்மைப் பங்கு உண்டு என்று கனடிய விசாரணை ஆணையம் முடிவு கூறியது. கதர் கட்சியினரும் கொலை செய்தார்கள், கொள்ளையடித்தார்கள். அதை மறைப்பதில் பயனில்லை. ஆனால் பொதுப் பயணிகளைக் கூட்டமாகக் கொல்வது அவர்களுடைய வழியாக ஒருபோதும் இருந்ததில்லை.

அந்தமான் சிறைக்கு அனுப்பப்பட்ட கதர் கட்சியினர் பின்னர் என்ன ஆனார்கள்?

சோகன் சிங் பக்னா அந்தமானிலும் பிற சிறைகளிலும் இருந்து, 1930இல் விடுதலையானார். சும்மா இருக்கவில்லை. விவசாயிகள் சங்கத்தில் உழைத்து, இரண்டாம் உலகப் போரின்போது மீண்டும் தடுப்புக்காவலில் வைக்கப்பட்டு, 1968 டிசம்பரில் காலமானார். அவரைப் போன்ற முதியவர்களைப் பஞ்சாபில் ‘கதரி பாபா’ என்பார்கள். ஜலந்தரில் அவர்கள் முன்னின்று எழுப்பிய தேசபக்தர் நினைவு மண்டபத்தில், ‘கதர்’ முதல் இதழ் வெளிவந்த நவம்பர் 1ஐ ஒட்டி ஆண்டுதோறும் ‘கதரி பாபாக்களின் திருவிழா’ நடைபெறுகிறது. சான் பிரான்சிஸ்கோ உட் தெருவில் கட்சியின் தலைமையகம் இருந்த இடத்தில் இப்போது நினைவகமும் நூலகமும் உள்ளன. இந்தியத் துணைத் தூதரகம் அதைப் பராமரிக்கிறது.